‘வாங்கிப் போட்டு வை’ என்ற அறிவுரைக்கு ஒரு மறுப்பு

கையில் நாலு காசு சேர்ந்தவுடன் தமிழ்நாட்டில் ஒருவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, “எங்கேயாவது ஒரு மனை வாங்கிப் போட்டு வை” என்பது. தாய்மாமன் சொல்வார், அலுவலகத்தில் மூத்தவர் சொல்வார், கடன் கொடுக்கும் வங்கி அதிகாரியும் சொல்வார். குடியிருக்கச் சொந்த வீடு இருப்பவரையும் விடுவதில்லை. “இன்னொரு ஃபிளாட்டைப் போடு, வர்ற வாடகையே தவணையைக் கட்டிடும்” என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போடும் குடும்பங்கள் தங்கள் இருபது ஆண்டுச் சம்பளத்தை ஒரே இடத்தில் பூட்டிவைக்கின்றன. அதனால்தான் இதை வரிக்கு வரி மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்கள் தரப்பை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நிலம் கண்ணுக்குத் தெரியும் சொத்து. கம்பெனி திவாலானாலும் அது அங்கேயே இருக்கும். புதிதாக நிலம் பிறப்பதில்லை, மக்களோ பெருகுகிறார்கள். ஆகவே விலை ஏறியே தீரும். வங்கி வட்டி விலைவாசிக்கே போதாது, பங்குச்சந்தை நம் கைக்குள் இல்லை. மனையில் போட்ட பணத்தை நினைத்தபோது எடுத்துச் செலவழிக்க முடியாது என்பதே ஒரு காவல். பெண்ணின் கல்யாணத்துக்கோ பையனின் படிப்புக்கோ விற்றால் மொத்தமாகக் கைக்கு வரும். இதற்கெல்லாம் மேலே, சொன்னவர்களிடம் சாட்சி இருக்கிறது. அண்ணா நகரிலும் வேளச்சேரியிலும் துரைப்பாக்கத்திலும் சொற்பப் பணத்துக்கு வாங்கியவர்கள் இன்று கோடீஸ்வரர்கள். இது கற்பனை இல்லை.

குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. சாதி கேட்டு, மதம் கேட்டு, கறி சமைப்பீர்களா என்று கேட்டு, தனியாக இருக்கும் பெண்ணா என்று தயங்கி வாடகைக்கு வீடு தரும் ஊரில், சொந்த வாசற்படியின் மதிப்பை வட்டிக் கணக்கால் அளக்க முடியாது. நான் மறுப்பது அதற்கு அடுத்ததை: லாபத்துக்காக, பெரும்பாலும் கடனில், மாதச் சம்பளக்காரர் வாங்கிப் போடும் மனையையும் இரண்டாவது வீட்டையும்.

ஒன்று. ‘இருபது மடங்கு’ என்பது கேட்கத்தான் பெரிது.

1995-இல் ஒரு லட்சத்துக்கு வாங்கிய மனை 2025-இல் இருபது லட்சத்துக்குப் போனது என்றால் ஊரே வாயைப் பிளக்கிறது. முப்பது ஆண்டில் இருபது மடங்கு என்பது ஆண்டுக்குப் பத்தரை சதவீதக் கூட்டு வளர்ச்சி. அவ்வளவுதான். அந்த மனையை வாங்கிய அதே காலத்தில் வங்கி வைப்புகளே பதினொன்று, பன்னிரண்டு சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தன. 1995-இல் நாலாயிரத்துக்குள் இருந்த ஒரு பவுன் தங்கம் 2025 ஏப்ரலில் எழுபதாயிரத்தைத் தாண்டியது. பெட்டியில் சும்மா கிடந்த தங்கமும் கிட்டத்தட்ட அதே தூரம் வந்திருக்கிறது. 1995 முடிவில் மூவாயிரத்துச் சொச்சமாக இருந்த சென்செக்ஸ் 2024 முடிவில் 78,000. ஈவுத்தொகையைச் சேர்க்காமலே இருபத்தைந்து மடங்கு.

மனைக் கணக்கில் இன்னும் ஒரு ஓட்டை. வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டும்தான் சொல்வார்கள். பத்திரச் செலவு, தரகு, கம்பி வேலி, முள் வெட்டிய கூலி, பக்கத்து மனைக்காரர் இரண்டடி உள்ளே வந்ததால் சர்வேயரைக் கூட்டிவந்த செலவு ஆகியவற்றை யாரும் எழுதிவைப்பதில்லை. இதையெல்லாம் கழித்தால் பத்தரையும் நிற்காது.

ஜெயித்த மனையைப் பற்றித்தான் கல்யாண வீட்டில் பேச்சு நடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேளச்சேரியில் வாங்கியவர் முப்பது ஆண்டுகளாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே ஆண்டில் செய்யூருக்கு உள்ளேயோ உத்திரமேரூர் பக்கமோ வாங்கி, இன்றும் பாதை இல்லாமல் கிடக்கும் மனைக்காரர் சபையில் வாய் திறப்பதில்லை. பேசுகிறவர்களை மட்டும் எண்ணிக் கொள்கை வகுக்க முடியாது.

இரண்டு. விலை ஏன் ஏறியது என்று கேட்காமல், இனியும் ஏறும் என்று சொல்ல முடியாது.

சென்னையின் நிலவிலை தானாக ஏறவில்லை. 1991-க்குப் பிறகு திறந்த பொருளாதாரம், திருப்பெரும்புதூர் பக்கம் வந்த தொழிற்சாலைகள், 2000-இல் திறந்த டைடல் பார்க், அதன் பின்னால் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் என்று ஒரே தலைமுறையில் சம்பளம் பல மடங்கானது. இன்னொரு காரணம் இதைவிடப் பெரிது, ஆனால் யாரும் சொல்வதில்லை. 1990-களின் நடுவில் 15 சதவீதத்துக்கு மேல் இருந்த வீட்டுக்கடன் வட்டி, 2004 வாக்கில் 8 சதவீதத்துக்குக் கீழே வந்தது. இருபது ஆண்டுக் கடனில் ஒரு லட்சத்துக்கு மாதம் 1,317 ரூபாய் கட்ட வேண்டியிருந்த இடத்தில் 836 ரூபாய் போதும் என்றானது. அதாவது, சம்பளம் ஒரு ரூபாய்கூட உயராமலே ஒருவரால் ஒன்றரை மடங்குக்கும் மேல் கடன் வாங்க முடிந்தது. அந்தக் கூடுதல் கடன் முழுவதும் விலையில் போய் உட்கார்ந்தது. பதினைந்திலிருந்து எட்டுக்கு வட்டி ஒருமுறைதான் இறங்க முடியும். எட்டிலிருந்து இரண்டரைக்கு இறங்கினால்தான் அதே தள்ளல் மறுபடி கிடைக்கும். அப்படி இறங்கும் என்று எந்தத் தரகராவது எழுதிக்கொடுப்பாரா?

மூன்றாவது காரணம் ரொக்கம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று கணக்கில் வராத பணம் பதுங்க நிலம் வசதியாக இருந்தது. 2015-இலிருந்து சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கத் தடை. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு. 2017-இலிருந்து எதற்குமே ஒரே நாளில் ஒருவரிடம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறத் தடை. கறுப்புப் பணம் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. முன்பு போலத் தடையில்லாமல் நிலத்துக்குள் பாய முடியவில்லை என்கிறேன்.

‘மக்கள் பெருகுகிறார்கள்’ என்ற வாதத்துக்கும் காலம் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்கிறது 2020-க்கான அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு. தலைமுறை தன்னை ஈடுசெய்ய 2.1 வேண்டும். இன்று நாற்பது வயதுக்காரர் இரண்டு மனை வாங்கிப் போடுகிறார். அவருக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அம்மா வழித் தாத்தாவின் வீடு, அப்பா வழித் தாத்தாவின் வீடு, பெற்றோர் வீடு, கூடவே இந்த இரண்டு மனை. கல்யாணமானால் மறுதரப்பிலிருந்தும் இதே பட்டியல் வரும். 2050-இல் இவற்றையெல்லாம் யாருக்கு விற்பார்கள்? வெளி மாநிலத்தவர் வந்து குடியேறுவார்கள், நகரங்கள் நிற்கும் என்பது உண்மை. அது சென்னைக்கும் கோவைக்கும் உள்ளே இருக்கும் வீடுகளுக்குப் பொருந்தும். நெடுஞ்சாலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே போட்ட மனைக்குப் பொருந்தாது.

மூன்று. நிலம் புதிதாகப் பிறப்பதில்லை. மனை தினமும் பிறக்கிறது.

ஒரு ஏக்கர் வயல், சாலைக்கும் பொது இடத்துக்கும் போக, பத்து கிரவுண்டு மனையாகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் வயலுக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. ‘சென்னைப் பெருநகர எல்லைக்குள்’ என்று விளம்பரம் செய்யத்தக்க பரப்பு ஒரே அறிவிப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கானது. பற்றாக்குறையை நம்பி வாங்கியவருக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. அவரிடமோ இது நல்ல செய்தியாகச் சொல்லி விற்கப்பட்டது.

செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் போகிற வழியில் எந்த ஊருக்குள் வேண்டுமானாலும் திரும்பிப் பாருங்கள். வளைவில் ஏதோ ஒரு நகரின் பெயர், வண்ணம் உதிர்ந்து நிற்கும். உள்ளே முப்பதடிச் சாலையில் தார் பெயர்ந்து ஜல்லி தெரியும். மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்களைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கும். ‘சிறுவர் பூங்கா’ என்ற பலகை இருக்கும், பூங்கா இருக்காது. விளக்குக் கம்பங்களில் பல்பு கிடையாது. நூற்றைம்பது மனையில் மூன்று வீடு எழும்பியிருந்தால் அதிகம். எல்லா மனையும் விற்றுப்போனவை, பத்திரமும் பட்டாவும் ஆனவை. ஆள்தான் இல்லை, ஏனென்றால் வாங்கிய அத்தனை பேரும் குடியிருக்க வாங்கவில்லை. ‘வாங்கிப் போட்டு’ வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் வீடு வந்தால் விலை ஏறும் என்று நூற்றைம்பது பேரும் மற்ற நூற்று நாற்பத்தொன்பது பேருக்காகக் காத்திருக்கிறார்கள்.

இப்போது இதில் ஒருவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது. தரகர், “பார்ட்டி வந்தா சொல்றேன் சார்” என்பார். பார்ட்டி ஏன் வரவில்லை? அடுத்த வயலில் அதே ப்ரமோட்டர் ‘ஃபேஸ் 2’ போட்டிருக்கிறார். அவர் வேன் வைத்து அழைத்துவருகிறார், மதியச் சாப்பாடு போடுகிறார், பதிவு இலவசம் என்கிறார், தங்க நாணயம் கொடுக்கிறார், வங்கிக் கடனையும் ஏற்பாடு செய்துதருகிறார். மறுவிற்பனைக்கு வரும் தனி ஆள் இவருடன் எப்படிப் போட்டி போடுவார்? இதே மனை இன்று இவ்வளவுக்குப் போகிறது என்று பத்து ஆண்டுகளாக அவருக்குச் சொல்லப்பட்டது புதிய மனையின் விலை. அவருடைய மனைக்கு அந்த விலையை யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

நான்கு. ‘விலை இறங்கவே இறங்காது’ என்பது தமிழ்நாட்டு அரசே மறுத்த செய்தி.

2012 ஏப்ரலில், பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு மாநிலம் முழுக்கக் கடுமையாக உயர்த்தப்பட்டது. ஐந்தே ஆண்டில், 2017 ஜூன் 9 முதல், அதே மதிப்பை 33 சதவீதம் குறைத்தது அரசு. சந்தை விலைக்கு மேலே வழிகாட்டி மதிப்பு போய்ப் பல இடங்களில் பத்திரப் பதிவே படுத்துவிட்டதால் செய்த காரியம் அது. அப்போதே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கியதால், முத்திரைத் தீர்வையோடு சேர்த்து மொத்தச் செலவு 11 சதவீதமானது. பழைய மதிப்பு திரும்ப வந்தது 2023 ஏப்ரலில். பதிவுக் கட்டணம் இரண்டாகக் குறைந்து மொத்தம் 9 சதவீதம் ஆனதும் அப்போதுதான். ஆறு ஆண்டு கழித்து அரசின் காகிதம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. இந்த ஆறு ஆண்டில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று அவரவர் வீட்டு மளிகைச் சீட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் நிலவிலை இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. யாரும் குறைத்து விற்க மாட்டார்கள், கேட்ட விலைக்கு யாரும் வாங்கவும் மாட்டார்கள். சந்தை உறைந்து நிற்கும். விற்கவே முடியாத விலையை ‘விலை’ என்று சொல்லிக்கொள்வது மனத்தேறுதல். பல ஆண்டுகள் நின்ற இடத்திலேயே நிற்கும் விலை, விலைவாசியைக் கழித்தால், விழுந்த விலைதான். வெளிப்படையாகவே விழ முடியும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. உலகிலேயே நிலம் பற்றாக்குறையான நாடுகளில் ஒன்று அது. ‘நிலம் பொய்க்காது’ என்று நம்பி வங்கிகளே அடமானத்துக்கு நிலத்தை மட்டும் பார்த்தன. 1990-களின் தொடக்கத்தில் நிலவிலைக் குமிழி உடைந்தபின், நாட்டின் சராசரி நிலவிலை ஏறத்தாழ பதினைந்து ஆண்டு தொடர்ந்து இறங்கியது.

ஐந்து. வாடகை தவணையைக் கட்டாது, பாதியைக்கூடக் கட்டாது.

இந்த ஒரு பொய்யை நம்பித்தான் இரண்டாவது ஃபிளாட் வாங்கப்படுகிறது என்பதால், கணக்கை நிதானமாகவே போட்டுப் பார்ப்போம். புறநகரில் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட், விலை 60 லட்சம். ஜிஎஸ்டி 5 சதவீதம், மூன்று லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் இந்த விலை ஃபிளாட்டுக்குப் பதிவுச் செலவு 9 இல்லை, 7 சதவீதம்; ஏறத்தாழ நாலேகால் லட்சம். வங்கி 48 லட்சம் கடன் தருகிறது என்றால், 12 லட்சம் முன்பணமும் இந்த ஏழேகால் லட்சமும் சேர்ந்து 19 லட்சத்துக்கு மேல் கைக்காசு. 8.5 சதவீத வட்டிக்கு இருபது ஆண்டுத் தவணை மாதம் 41,650 ரூபாய்.

வாடகை என்ன வரும்? சென்னையில் வீட்டு விலையில் ஆண்டுக்கு மூன்று சதவீதம் வாடகை வந்தாலே நல்ல வாடகை. மாதம் 15,000. அதில் அசோசியேஷன் பராமரிப்பு, சொத்துவரி, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம், தரகருக்கு ஒரு மாத வாடகை, பெயின்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் போனால் 11,500 நின்றால் பெரிது. மீதி 30,000 ரூபாய் மாதாமாதம் சொந்தச் சம்பளத்திலிருந்து போகிறது. பத்து ஆண்டு இப்படிக் கட்டிய பிறகும் வங்கிக்குக் கிட்டத்தட்ட 33.6 லட்சம் பாக்கி நிற்கும்.

இதே 19 லட்சத்தையும் மாதம் 30,000-ஐயும் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் பத்தாண்டு முடிவில் ஏறத்தாழ 90 லட்சம். வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த ஃபிளாட் 1.2 கோடிக்கு விற்றால்தான் கடனை அடைத்து இந்த வைப்புத்தொகைக்குச் சமமாக வர முடியும். வைப்பு வட்டிக்கு வரி உண்டு. வீட்டை விற்ற லாபத்துக்கும் வரி உண்டு. பத்து ஆண்டு பழசான ஃபிளாட், லிஃப்ட் அடிக்கடி நிற்கிற ஃபிளாட், பக்கத்திலேயே நீச்சல் குளத்தோடு புதுக் கட்டடம் வந்துவிட்ட ஃபிளாட், விலை இரட்டிப்பானால் இவருக்குக் கிடைப்பது வங்கி வைப்பு கொடுத்திருக்கும் தொகை. ஒன்றரை மடங்கு ஆனால் நஷ்டம். அடுக்குமாடியில் ஏறுவதெல்லாம் அடியில் இருக்கும் பிரிக்கப்படாத நிலப்பங்கின் (யூடிஎஸ்) விலைதான். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. பத்திரத்தில் தன் யூடிஎஸ் எத்தனை சதுர அடி என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்?

ஆறு. கடனின் விதிகளும் வரியின் விதிகளும் மாறிவிட்டன. அறிவுரை மட்டும் மாறவில்லை.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ விகிதம் 2020 மே மாதம் 4 சதவீதம். அந்தக் காலத்தில் 6.7 சதவீதத்துக்கு இருபது ஆண்டுக் கடன் எடுத்தவர்கள், “இனி இப்படி வட்டி கிடைக்காது” என்ற பேச்சைக் கேட்டு எடுத்தார்கள். 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 ஆனது. அவர்கள் கடன் வட்டி 9.2-ஐத் தொட்டது. தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டிய அந்தக் கடனை முடிக்க இன்னும் 35 ஆண்டு ஆகும். கடன் வாங்கிய நாளில் முப்பத்தைந்து வயதாக இருந்தவர் எழுபத்திரண்டு வயது வரை கட்ட வேண்டும். பல வங்கிகள் கடனாளியைக் கேட்காமலே காலத்தை நீட்டிய பிறகுதான், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று தேர்வு செய்யும் உரிமையைக் கடனாளிக்குக் கொடுக்கச் சொன்னது. பின்னர் ரெப்போ இறங்கியது. மறுபடி ஏறாது என்று யார் சொல்ல முடியும்?

“வரி மிச்சமாகும்” என்பது இன்னொரு பழைய பல்லவி. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறைதான் இயல்பானது. அதில், குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கான இரண்டு லட்சக் கழிவு இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியை அந்த வாடகையில் மட்டும் கழிக்கலாம். மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 2025-26-இலிருந்து அந்த முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை; மிச்சம் பிடிக்க வரி இருந்தால்தானே மிச்சமாகும்? விற்கும்போதும் விதி மாறிவிட்டது. 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கிய சொத்தை விற்றால், விலைவாசிக்கேற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் சலுகை கிடையாது. ஆதாயம் முழுவதற்கும் 12.5 சதவீதம். விலைவாசியோடு சேர்ந்து மட்டும் ஏறிய மனைக்கும், அதாவது உண்மையில் ஒன்றுமே சம்பாதிக்காத மனைக்கும், வரி கட்ட வேண்டும்.

ஏழு. ‘கண்ணுக்குத் தெரியும் சொத்து’ என்பதில் கண்ணுக்குத் தெரியாததுதான் ஆபத்து.

தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கம், பட்டா, புலப்படம், பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்ற விசாரணை, கோயில் நிலமா, பஞ்சமி நிலமா, ஏரிப் புறம்போக்கா என்ற சோதனை. இத்தனையும் சரியாக இருந்தாலும் அடி விழலாம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வயல்களையும் நீர்நிலைகளையும் காக்கப் பிறந்த அந்த உத்தரவு சரியானது என்பதே என் கருத்து. ஆனால் பல ஆண்டுகளாகச் சார்பதிவாளர் அலுவலகமே முத்திரை குத்திப் பதிந்துகொடுத்த மனைகள் ஒரே நாளில் விற்க முடியாதவை ஆயின. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்து, கட்டணம் கட்டி, வரிசையில் நின்று, பிறகுதான் மூச்சு வந்தது. கல்யாணத் தேதி குறித்துவிட்டு மனையை நம்பியிருந்தவர்கள் அந்த மாதங்களில் கந்து வட்டிக்குப் போனார்கள்.

“அப்ரூவ்டு பார்த்து வாங்கு” என்பார்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைக் கொன்ற பதினொரு மாடிக் கட்டடம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அனுமதி பெற்றது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிக்கு ஏறி உயிர் பிழைத்தவர்களிடமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் கார் மிதப்பதைப் பார்த்தவர்களிடமும் பத்திரம் சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் பத்திரம் பார்ப்பதில்லை. இன்று மனை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, “2015-இல் இங்கே எத்தனை அடி நின்றது?” என்று. அந்தக் கேள்விக்குத் தரகர் தரும் பதிலை நம்பாமல், எதிர்வீட்டுச் சுவரில் நிற்கும் கறையைப் பார்க்கலாம்.

எட்டு. நஷ்டம் வாங்கியவரோடு நிற்பதில்லை.

இதுவரை சொன்னது வாங்குபவரின் பணம். அவர் வாங்கிப் பூட்டிவைப்பதற்கு ஊர் கொடுக்கும் விலை இதைவிடக் கனமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி. அதே நகரங்களில் ஓரறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். குடியிருக்க ஒரு வீடு தேடும் செவிலியரும் ஓட்டுநரும் விலையில் போட்டி போடுவது இன்னொரு செவிலியரோடு இல்லை. மூன்றாவது ஃபிளாட்டுக்கு வரும் ஆளோடு. வீடு தேடியவர் தோற்று இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய், தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறார்.

வயல் பக்கம் நடப்பது இன்னும் மோசம். ஒரு வயல் மனையானதும் பக்கத்து வயலுக்கு வாய்க்கால் அடைபடுகிறது. தண்ணீர் ஏறாத வயலை அந்த விவசாயியும் விற்றே ஆக வேண்டியிருக்கிறது. மூன்றாம் ஆண்டில் அங்கே எல்லைக்கல் நிற்கும், பயிர் நிற்காது. வீடும் வராத, விளைச்சலும் வராத அந்தத் தரிசைத்தான் நாம் சேமிப்பு என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை வைத்திருக்கிறேன்: “தவணை இருந்தால்தான் சேமிப்போம், இல்லாவிட்டால் செலவாகிவிடும்.” மனித இயல்பு அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். கட்டாயம் வேண்டும் என்றால் கட்டாயத்துக்கு வழிகள் உண்டு. சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடிக்கும் வருங்கால வைப்பு நிதியில் விருப்பத் தொகையைக் கூட்டலாம். பதினைந்து ஆண்டு பூட்டும் பிபிஎஃப் இருக்கிறது. மாதம் ஐந்தாம் தேதி வங்கியே எடுத்துக்கொள்ளும் தொடர் வைப்பும் எஸ்ஐபியும் இருக்கின்றன. இவை நமக்கு வட்டியோ வருமானமோ தருகின்றன. வீட்டுக்கடன் என்ற கட்டாயமோ நம்மிடம் வட்டி வாங்குகிறது. மேலே சொன்ன 48 லட்சக் கடனுக்கு இருபது ஆண்டில் போகும் வட்டி மட்டும் 52 லட்சத்தை நெருங்கும். சேமிக்கும் ஒழுக்கத்துக்கு 52 லட்சம் கட்டணமா? அவசரத்துக்கு அதில் ஒரு சதுர அடியை மட்டும் விற்று மருத்துவச் செலவுக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இந்த விவாதம் இத்தனை ஆண்டு வாய்ப்பேச்சாகவே நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மனை 2008-இல் என்ன விலைக்குக் கைமாறியது, 2016-இல் என்ன, 2024-இல் என்ன என்பது பதிவுத்துறையின் ஆவணங்களில் சர்வே எண்ணோடு இருக்கிறது. பத்திரத்தில் குறைத்துக் காட்டிய விலைகள் கலந்திருக்கும் என்றாலும், ஒரே மனையின் அடுத்தடுத்த விற்பனைகளைக் கிராமவாரியாகத் தொகுத்துப் பெயர்களை நீக்கி வெளியிட முடியும். ரிசர்வ் வங்கி சென்னை உட்பட்ட பெருநகரங்களுக்கு வீட்டு விலைக் குறியீட்டைத் தயாரிப்பதே இப்படிப்பட்ட பதிவுத் தரவுகளை வைத்துத்தான். படப்பைக்கும் தையூருக்கும் மதுராந்தகத்துக்கும் அந்தப் பட்டியலைப் பதிவுத்துறை தன் இணையதளத்தில் போடட்டும், எத்தனை மனை மறுவிற்பனையே ஆகாமல் கிடக்கிறது என்பதையும் சேர்த்து. வேனில் ஏறுமுன் அதைப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு வேண்டும்.